இரண்டாவதாகக் கை தூக்குபவர்கள்

கடைத்தெருவின் கடைசியில் ஒரு பொதுக் கழிப்பறை இருந்தது. அதன் கதவில் ஒரு பூட்டு தொங்கியது. பூட்டுக்கு மேலே ‘பழுதுபார்ப்புப் பணி நடைபெறுகிறது’ என்று ஒரு பலகை. பலகையை மாட்டி மூன்று வருடம் ஆகிவிட்டது. பணி எதுவும் நடைபெறவில்லை. பலகை மட்டும் வெயிலில் வெளுத்துக்கொண்டே வந்தது.

கழிப்பறைக்கு நேர் எதிரே ஒரு சாவிக்கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியேதான் நிற்க வேண்டும், அவ்வளவு சின்னது. அதை நடத்துபவர் பட்டாணியின் அம்மா. தொலைந்துபோன சாவிக்கு மாற்றுச் சாவி வெட்டித் தருவார். திறக்காத பூட்டைத் திறந்து தருவார். தெருவில் எல்லாரும் அவரைச் ‘சாவிக்காரம்மா’ என்பார்கள்.

பட்டாணிக்குப் பத்து வயது. பிறந்தபோது உருண்டையாக இருந்தாளாம், அதனால் வந்த பெயர் அது. இப்போது அவள் ஒல்லியாக, உயரமாக இருக்கிறாள். ஆனாலும் கொடுத்த பெயரை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

பள்ளி விட்டதும் பட்டாணி நேராகக் கடைக்கு வந்துவிடுவாள். ஏழு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு இருவரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போவார்கள். பஸ்ஸில் நாற்பது நிமிடம்.

அன்று அவள் வந்தபோது அம்மா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லடா. லேசா வலி.”

லேசான வலிக்கு யாரும் அப்படி உதட்டைக் கடித்துக்கொள்ள மாட்டார்கள். பட்டாணி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த தெருவில் இருந்த டாக்டரிடம் போனாள்.

டாக்டர் பரிசோதித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். டாக்டர்கள் கண்ணாடியைக் கழற்றினால் திட்டப் போகிறார்கள் என்று அர்த்தம்.

“சிறுநீர்ப் பாதையில தொற்று. இந்த வருஷத்துல இது மூணாவது தடவை. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?”

அம்மா மென்று விழுங்கினார். “காலைல ஒரு டம்ளர்... ராத்திரி வீட்டுக்குப் போனதும்...”

“நடுவுல?”

அம்மா மேசைமேல் இருந்த கண்ணாடியைப் பார்த்தார்.

“ரெண்டு லிட்டராவது குடிக்கணும். இப்படியே விட்டா சிறுநீரகம் கெட்டுப்போகும். அப்புறம் ஆஸ்பத்திரியில சேர வேண்டியதுதான். நான் சும்மா பயமுறுத்தலை.”

மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார்கள். பட்டாணிக்குப் பயமாக இருந்தது. பயத்தில் அவளுக்குக் கோபம் வந்தது.

“ஏம்மா தண்ணி குடிக்க மாட்டேங்குற?”

“குடிச்சா போகணும். எங்க போறது?”

பட்டாணி எதிரே இருந்த பூட்டிய கதவைக் காட்டினாள். “நீதான் எல்லாப் பூட்டையும் திறப்பியே!”

“அந்தப் பூட்டா? அரை நிமிஷம் போதும். திறந்து என்ன பண்றது? உள்ள குழாயெல்லாம் உடைஞ்சு கிடக்கு. அதைச் சாவி போட்டுத் திருப்ப முடியுமா?”

இரண்டு நாள் கழித்து நகராட்சி எழுத்தர் கடைக்கு வந்தார். மெலிந்த மனிதர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா வைத்திருப்பார்: நீலம், கறுப்பு, சிவப்பு. அலுவலகத்து அலமாரிச் சாவிக்கு ஒரு மாற்றுச் சாவி வேண்டும் என்றார். கையோடு கொண்டுவந்திருந்த அறிவிப்பு ஒன்றைக் கடைச் சுவரில் ஒட்டவும் செய்தார்.

பட்டாணி சத்தமாகப் படித்தாள். “அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். ஞாயிறு காலை பத்து மணி, நகராட்சி மண்டபம். கீழ்க்கண்ட நான்கு பணிகளில் எதை முதலில் செய்யலாம் எனக் கை உயர்த்தித் தெரிவிக்கவும்.”

நான்கு பணிகளும் வரிசையாக இருந்தன. நாற்சந்தியில் நீரூற்று. பூங்காவில் புதிய ஊஞ்சல்கள். விளக்குக் கம்பங்களுக்கு வண்ணம் பூசுதல். கடைத்தெருக் கழிப்பறையைப் பழுதுபார்த்தல்.

ஊஞ்சல் என்றதும் பட்டாணியின் மனம் ஒருமுறை முன்னும் பின்னும் ஆடி வந்தது. பூங்காவில் இருக்கும் ஒரே ஊஞ்சலுக்கு அரைமணி நேரம் வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் அவள் கண் நான்காவது வரியில் வந்து நின்றுவிட்டது.

“சார், இந்தக் கழிப்பறையை ஏன் இத்தனை நாளா சரி பண்ணலை?”

“மக்கள் கேக்கலியேம்மா” என்றார் எழுத்தர். “போன வருஷமும் இந்தப் பட்டியல்ல இருந்துது. அதுக்கு முந்தின வருஷமும் இருந்துது. ஒரு கைகூட எழலை. நோட்டுல எழுதியிருக்கேன். பூஜ்யம், பூஜ்யம்.”

“ஆனா எங்கம்மாவுக்கு...”

சாவி வெட்டும் இயந்திரம் திடீரென்று பெரும் சத்தத்தோடு ஓட ஆரம்பித்தது. அம்மாதான் போட்டுவிட்டார். இயந்திரத்தில் சாவி எதுவும் இல்லை.

எழுத்தர் போன பிறகு அம்மா சொன்னார்: “இதையெல்லாம் ஊர் நடுவுல பேசுவாங்களா? மானம் போயிடும்.”

“போன வருஷம் கூட்டத்துக்குப் போனியாம்மா?”

“போனேன்.”

“கை தூக்கினியா?”

அம்மா வெட்டாத சாவி ஒன்றை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். “யாருமே தூக்கலை. நான் மட்டும் எப்படித் தூக்கறது?”

பட்டாணி யோசித்தாள். யாராவது ஒருவர் தூக்கினால் அம்மாவும் தூக்குவார் போலிருக்கிறது. அப்படியானால் வேலை சுலபம்தான். அந்த ஒருவரைக் கண்டுபிடித்தால் போதும்.

மறுநாள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனாள்.

முதலில் பழக்கடை அக்கா. பட்டாணி விஷயத்தைச் சொன்னதும் அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “அதை ஏன் கேக்கற! மத்தியானத்துக்கு மேல நான் சிரிக்கக்கூட மாட்டேன். சிரிச்சா ஆபத்து.”

“அப்ப ஞாயித்துக்கிழமை கை தூக்குவீங்களாக்கா?”

“கண்டிப்பா தூக்கறேன்! முதல்ல யாராவது தூக்கட்டும். நான் ரெண்டாவது.”

அடுத்தது நாற்சந்தியில் கடை வைத்திருந்த தையல் மாமா. தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே பேசினார். “நீரூற்று வைக்கப் போறாங்களாம், நீரூற்று! என் கடை வாசல்ல! நாள் முழுக்க சலசலன்னு தண்ணி கொட்டற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நான் எப்படி உக்காந்து தைக்கிறது? கால் சட்டைக்குக் கை வச்சுத் தச்சுடுவேன்.”

“கை தூக்குவீங்களா மாமா?”

“நானா? முதல் ஆளா? அப்புறம் ஊர்ல எனக்கு என்ன பேர் வைப்பாங்கன்னு தெரியுமா? வேற யாராவது ஆரம்பிக்கட்டும். நான் உடனே ரெண்டாவதா தூக்கிடறேன்.”

கடிகாரம் பழுதுபார்ப்பவர் அதையே சொன்னார். செருப்புக் கடைக்காரர் சொன்னார். பஸ் நிறுத்தத்தில் நின்ற கண்டக்டர்கள் இரண்டு பேரும் சொன்னார்கள். அவர்களில் யார் இரண்டாவது, யார் மூன்றாவது என்று அவர்களுக்குள் தகராறே வந்தது.

தெருவை ஒரு சுற்று முடித்துவிட்டுப் பட்டாணி நோட்டைப் பார்த்தாள். நாற்பத்தொரு பேர் இரண்டாவதாகக் கை தூக்கத் தயாராக இருந்தார்கள். முதலாவதாகத் தூக்க ஒரு ஆள்கூட இல்லை.

‘பரவாயில்லை, நானே தூக்கிவிடுகிறேன்’ என்று நினைத்தாள். மாற்றுச் சாவியை வாங்க எழுத்தர் மறுபடி வந்தபோது அவரிடமே கேட்டாள்.

“கை தூக்க எத்தனை வயசு ஆகணும் சார்?”

“பதினெட்டு” என்றார் எழுத்தர். அவள் முகம் வாடியதைப் பார்த்து, “பேசறதுக்கு வயசு எதுவும் போடலை. பேசலாம். ஆனா நீ கை தூக்கினா எண்ண மாட்டேன்” என்றார். அவர் நல்ல மனிதர்தான். விதியும் எண்ணிக்கையும் அவருக்கு இரண்டு கண்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பெரியவர்கள் எழுபத்து மூன்று பேர் இருந்தார்கள். எழுத்தர் எண்ணிவிட்டுக் கறுப்புப் பேனாவால் எழுதினார். பட்டாணி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன் வரிசையில் தையல் மாமா, பின் வரிசையில் பழக்கடை அக்கா. கடைத்தெருவே வந்திருந்தது.

நகராட்சித் தலைவர் எழுந்தார். பெரிய குரல், பெரிய கைகள். “மக்கள் சொல்றதைச் செய்யத்தான் நாங்க இருக்கோம். கூச்சப்படாம சொல்லுங்க. முதல்ல நீரூற்று!” அவர் குரலிலேயே தண்ணீர் பொங்கியது. அவருடைய ஆசை அதுதான் என்று ஊருக்கே தெரியும்.

ஒருவர் ஒரு பணிக்கு மட்டும்தான் கை தூக்கலாம். நீரூற்றுக்குப் பதினொரு கை. ஊஞ்சலுக்குப் பன்னிரண்டு. விளக்குக் கம்பத்துக்கு வண்ணம் பூச எட்டு. எட்டில் ஒருவர் பெயிண்ட் கடைக்காரர்.

“நாலாவது” என்றார் எழுத்தர். “கடைத்தெருக் கழிப்பறை.”

மண்டபம் கப்சிப் என்று ஆனது.

தையல் மாமா மேலே சுற்றிய மின்விசிறியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தார். பழக்கடை அக்கா கைப்பைக்குள் எதையோ தேடினார். கண்டக்டர்கள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். நாற்பத்தொரு பேரும் முதல் ஆளுக்காகக் காத்திருந்தார்கள்.

பட்டாணி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் இரண்டு கைகளும் மடியில் இறுகக் கோத்துக்கொண்டிருந்தன. விரல் நுனி வெளுத்துவிட்டது.

பட்டாணி சட்டென்று கையைத் தூக்கினாள்.

“குழந்தை கை கணக்குல வராதும்மா” என்றார் எழுத்தர். யாரோ சிரித்தார்கள். எழுத்தர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். பூஜ்யம் போட அவர் சிவப்புப் பேனாதான் வைத்திருந்தார்.

பட்டாணிக்கு அழுகை வரும் போலிருந்தது. டாக்டர் சொன்ன ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. வெள்ளைக் கட்டில், அதில் அம்மா. இன்னொரு பூஜ்யம் விழுந்தால் இன்னொரு வருடம்.

“எழுதாதீங்க சார்!” என்று கத்தினாள்.

எழுத்தரின் பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. எழுபத்து மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் பேசலாம்னு நீங்கதான் சொன்னீங்க” என்றாள்.

“சொன்னேன்” என்று எழுத்தர் ஒப்புக்கொண்டார்.

“பேசும்மா, பேசு” என்றார் தலைவர்.

பேசலாம் என்றதும் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவைப் பற்றிச் சொல்ல முடியாது. மற்றவர்கள் ரகசியமாகச் சொன்னதையும் சொல்ல முடியாது. நோட்டில் இருந்த நாற்பத்தொரு பெயரைப் படித்தால் ஒரே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அவர்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அல்லவா சொன்னார்கள்? அவள் நோட்டை மூடி நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

“எங்க கிளாஸ்ல மிஸ் ஒருநாள், பின்னக் கணக்கு யாருக்கெல்லாம் புரியலை, கை தூக்குங்கன்னு கேட்டாங்க. யாருமே தூக்கலை. எனக்கும் புரியலை, நானும் தூக்கலை. அப்புறம் மிஸ், எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு, புரியாதவங்க மட்டும் கை தூக்குங்கன்னாங்க. முப்பத்து நாலு பேர்ல முப்பத்தொரு பேர் தூக்கியிருந்தோமாம்.”

“மீதி மூணு பேருக்குப் புரிஞ்சுதாக்கும்?” என்றார் தலைவர்.

“இல்ல சார். கண்ணை மூடினதும் தூங்கிட்டாங்க.”

மண்டபமே சிரித்தது. பழக்கடை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மணி பன்னிரண்டாகப் போகிறது.

“இங்கயும் அதே மாதிரி பண்ணலாம் சார். எல்லாரும் கண்ணை மூடிக்கட்டும். எழுத்தர் சார் மட்டும் பார்த்து எண்ணட்டும்.”

தலைவர் தலையைச் சொறிந்தார். “கண்ணை மூடிக்கிட்டு ஓட்டா? விதியில இடம் இருக்கா?”

எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். “கை உயர்த்தணும்னு இருக்கு. கண் திறந்திருக்கணும்னு எங்கயும் இல்லை” என்றார். பிறகு விரலை உயர்த்தி, “ஆனா ஒரு பணிக்கு மட்டும் தனியா செய்ய முடியாது. நாலையும் முதல்லேர்ந்து எடுக்கணும்” என்றார்.

“எடுங்க, எடுங்க” என்றார் தையல் மாமா அவசரமாக. சொல்லிவிட்டு மறுபடி மின்விசிறியைப் பார்த்தார்.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். தலைவரும் மூடினார். “பெயிண்ட் கடைக்காரரே, இடது கண்ணு திறந்திருக்கு” என்றது எழுத்தரின் குரல். அதற்குப் பிறகு எல்லாக் கண்களும் மூடிக்கொண்டன.

பட்டாணியும் இறுக்கி மூடினாள். ஒரு சின்ன இடுக்கு வழியாகப் பார்த்தால் என்ன என்று அவளுக்கும் ஆசை வந்தது. ஆனால் யோசனை சொன்னவளே பார்த்தால் அது நன்றாக இருக்காது.

“நீரூற்று... ஊஞ்சல்... விளக்குக் கம்பம்...” ஒவ்வொன்றுக்கும் பேனா கீறும் சத்தம் சுருக்கமாகக் கேட்டது.

“கழிப்பறை.”

உடைகள் சரசரத்தன. நாற்காலிகள் கிறீச்சிட்டன. பட்டாணியின் இடது பக்கத்தில், அம்மா இருந்த பக்கம், காற்று லேசாக அசைந்தது. பிறகு எழுத்தரின் செருப்புச் சத்தம் ஒவ்வொரு வரிசையாக மெதுவாக நகர்ந்தது. வரிசையின் கடைசிவரை போனது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது.

“என்னய்யா, இன்னுமா எண்ணுறீங்க?” என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமலே.

“சரிபார்க்கணும் சார்.”

கடைசியில், “கையை இறக்கலாம். கண்ணைத் திறக்கலாம்” என்றார் எழுத்தர். அவர் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.

“நீரூற்று, ஒண்ணு. ஊஞ்சல், ஆறு. விளக்குக் கம்பம், ஒண்ணு.” நோட்டை இன்னொரு முறை பார்த்தார். “கழிப்பறை, அறுபத்தஞ்சு.”

ஒவ்வொருவராக மெல்லத் திரும்பி அடுத்தவரைப் பார்த்தார்கள். ‘நீயுமா?’ என்று ஒரு பார்வை. ‘அப்ப நீயும்தானா!’ என்று பதில் பார்வை. கண்டக்டர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது.

“ஒரு விஷயம் பதிவு பண்ணணும்” என்றார் எழுத்தர். “ஒருத்தர் ரெண்டு கையையும் தூக்கியிருந்தாங்க. ஒண்ணாத்தான் எண்ணியிருக்கேன்.”

“யாரது?” என்று கேட்டார் தலைவர்.

“அது ரகசியம் சார். நீரூற்றுக்குக் கை தூக்கினது யாருன்னும் நான் சொல்ல மாட்டேன்.”

தலைவர் வேகமாக இருமினார்.

பஸ் நிறுத்தத்தில் பட்டாணி கேட்டாள்: “யாரும்மா ரெண்டு கையையும் தூக்கினது?”

“எனக்கெப்படித் தெரியும்? நான்தான் கண்ணை மூடிட்டிருந்தேனே” என்றார் அம்மா. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். பஸ் வர இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது.

தீர்மானம் ஒரே நாளில் நிறைவேறியது. வேலை ஐந்து மாதம் நடந்தது. குழாய் வந்தபோது தொட்டி வரவில்லை. தொட்டி வந்தபோது குழாய்க்காரர் வரவில்லை. கடைசியில் எல்லாம் வந்து சேர்ந்தன. ஒரு திங்கட்கிழமை காலை, தலைவர் கத்தரிக்கோலோடு வந்து நின்றார். கடைத்தெரு முழுக்கக் கூடியிருந்தது. பட்டாணிக்கு அன்று பள்ளி விடுமுறை.

தலைவர் நாடாவை வெட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். “பெண்களுக்கு அந்தப் பக்கம், ஆண்களுக்கு இந்தப் பக்கம். இனி நீங்க பயன்படுத்தலாம்!” என்று கையை நீட்டிக் காட்டினார்.

யாரும் அசையவில்லை.

புதுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே தரை பளபளத்தது. பழக்கடை அக்கா ஒரு அடி முன்னால் வைத்தார். சுற்றியிருந்த அத்தனை முகங்களையும் பார்த்துவிட்டு அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தையல் மாமா பார்க்க மின்விசிறி கூட இல்லை, வானத்தைப் பார்த்தார். தலைவர் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

பட்டாணிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. தெருவில் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்ல முடியுமா? தினமும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? இந்த முறை அவளிடம் யோசனை எதுவும் இல்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “கொஞ்சம் வழி விடுங்க.”

அம்மாதான். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனால் நடை நிற்கவில்லை. கூட்டம் விலகியது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா படியேறி நேராக உள்ளே போனார்.

“நான் ரெண்டாவது!” என்று ஓடினார் பழக்கடை அக்கா.

அம்மா வெளியே வந்தபோது இரண்டு பக்கமும் நீளமாக வரிசை நின்றது. அவர் படியிலேயே நின்று, தெருமுழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

“பட்டாணி! எனக்குக் குடிக்கத் தண்ணி கொண்டாடா. நிறையக் கொண்டா!”